கைக்கு எட்டாத ஹேண்டில்பார்

5.1.2025, ஞாயிறு
மூன்று ஞாயிறு அறிவிக்கும் கல்யாண ஓலையில் முதல் ஓலையை இன்று பூசையில் வாசித்தார்கள். மெல்வினுக்கும் ஜெனிபருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லவும் என்று. மைக்கில் என் பெயரைக் கேட்டதும் காது சூடாகிவிட்டது. அண்ணன் லியோன் முழங்கையால் இடித்துச் சிரித்தான்.

8, புதன்
அண்ணன் என் பைக்கைச் சர்வீசுக்கு எடுத்துப்போனான். தங்கமான அண்ணன்! நர்ஸ் வேலையில் சேர்ந்த புதிதில் நான் இதை வாங்கியபோது, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மோட்டார்சைக்கிள்?" என்று அம்மா குதித்தாள். "அவ சம்பளம், அவ வண்டி" என்று எனக்காகச் சண்டை போட்டவன் அவன் ஒருத்தன்தான்.

9, வியாழன்
ஹேண்டில்பார் உயர்ந்திருக்கிறது. அடியில் புதிதாக இரண்டு அலுமினியக் கட்டைகள். "ரைசர். முதுகு வலிக்கிதுன்னியே, நிமிந்து ஒக்காந்து ஓட்டு" என்கிறான். நான் எப்போது சொன்னேன்? சரி, அக்கறைதானே. ஆனால் கையைத் தூக்கிக்கொண்டே ஓட்டி, தோள்பட்டை கழன்று விழுகிறது.

11, சனி
நார்த்தாமலைப் பக்கம் ஒரு கர்ப்பிணியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஹேண்டிலை முழுசாக இடப்பக்கம் ஒடித்தேன். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, வண்டி தானாக உறுமிப் பாய்ந்தது. முழங்காலில் சிராய்ப்பு.

அண்ணன் சர்வீசுக்கு விட்ட கீரனூர் மெக்கானிக்கிடம் நேரே போனேன். "ஹேண்டிலை ஏத்துனா ஆக்சிலேட்டர் கேபிளையும் நீளமாப் போடணுங்க. இல்லாட்டி திருப்புறப்ப இழுத்துரும். அண்ணந்தான் அவசரப்பட்டாரு. மாப்ள ஆறடிக்கு மேலயாமே? அவருக்காகத்தானே ஏத்துனது, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்குத் தெரியாது.

பழையபடி இறக்கச் சொன்னால், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேங்க" என்கிறான். யார் வண்டிக்கு யாரைக் கேட்பது? கத்தினேன். இறக்கிக் கொடுத்தான்.

12, ஞாயிறு
இரண்டாம் ஓலை. காதில் விழவேயில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அண்ணன் சட்டையைக் கழற்றியபடியே சொல்கிறான்: "கல்யாண ஒப்பந்தத்தன்னைக்கே பேசுனதுதான். மாப்ள வீட்டுல வண்டி கேட்டாக. புதுசுக்கு எங்கிட்டுப் போறது? ஒன் வண்டி எப்படியும் ஒன்கூடத்தானே போகும்?" அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடப்பாவி! என் வண்டிய எனக்கே தெரியாம சீராக் குடுத்திருக்க. அம்மா மட்டும் செஞ்சிருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். நீயுமாண்ணே? என்கூட உக்காந்து சோறு தின்னுக்கிட்டே — எப்படி மனசு வந்துச்சு?

14, செவ்வாய்
பொங்கல்.

மெல்வினுக்குத் தெரிந்திருக்காது என்று ஒரு நப்பாசை. போன் போட்டேன். "எறக்கிட்டியாமே? திரும்ப ஏத்திரச் சொல்லு" என்றார்.
"நான் டூட்டிக்கு எதுல போறதுங்க?"
"பஸ்ஸுதான் ஓடுதுல்ல. ஞாயித்துக்கெழம பின்னாடி ஒக்காந்து வா, ஜோரா இருக்கும்."
சிரிப்பு வேறு.

17, வெள்ளி
பங்குச்சாமியாரிடம் போனேன். "தடை இருக்கு ஃபாதர்."
"யாரும்மா சொல்றது?"
"நாந்தான்."
"வீட்ல சொல்லிட்டியா?"
"வீட்ல யாரும் எங்கிட்டச் சொல்லல ஃபாதர்."

19, ஞாயிறு
மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. அண்ணன் பூசைக்கு வரவில்லை.

வெளியே வந்து பைக்கை எடுத்தேன். ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மெதுவாப் போ" என்று பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.