மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை

மச்சான்,

நேற்றுக் கிளிநொச்சியில் சிறுபோக நெல் விதைப்புக்கு நீர் பங்கிடும் கூட்டம். சுவரில் விழுந்த வெளிச்சத்தில் உன் அட்டவணை விரிந்தது. வெறும் எழுத்துகள், இடையிடையே நிமிர்ந்த கோடுகள், பெயர்களுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு கிடைக்கோடு, நிறமும் இல்லை அலங்காரமும் இல்லை. நீ போன பிறகும் அதைத்தான் பாவிக்கிறார்கள் என்று ஒரு கணம் மனம் குளிர்ந்தது.

நீ வயல் செய்யும் கமக்காரரின் அமைப்புக்குச் செயலாளராக இருந்தபோது, உன் குசினி மேசையில் இருந்து இதைத் தட்டுவாய். மடிக்கணினியின் பாதி விசைகளில் எழுத்துத் தேய்ந்திருக்கும். "கம்பசுக்குப் போனவன் கீறுற கோடா இது?" என்று பழித்தேன்.

"வடிவு கிடக்கட்டும். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கீழ் வரியைப் பார்."

அட்டவணைக்கு அடியில் ஒரேயொரு சூத்திரம்: ஏக்கர் நிரலைக் கூட்டிக் கடைசிப் பெட்டியில் இடு. இரண்டாம் நிரை முதல் ஒன்பதாம் நிரை வரை என்று எழுதினால் போதாதா என்று கேட்டேன்.

"விசரா, நாளைக்குப் பத்தாவதா ஒருத்தன் திரும்பி வந்தா அவன்ர வயலை ஆர் கூட்டுறது? மேல் கோட்டிலயிருந்து கீழ்க் கோடு மட்டும் எண்டு எழுது. இடையில ஆர் வந்தாலும் கணக்கில வருவினம்."

அப்போது போர் முடிந்து, இடம்பெயர்ந்தவர்களில் ஒவ்வொரு கிழமையும் யாரோ ஊருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நீ பெயரைச் சேர்ப்பாய். தொகை தானாகவே ஏறும். அதைப் பார்த்துச் சிரிப்பாய்.

நேற்று, வாய்க்காலின் கடைசியில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் பெயர்கள் கீழ்க் கோட்டுக்குச் சற்று மேலே, கடைசி நிரைகளில் இருந்தன. கூட்டுத்தொகையோ போன போகத்துக்கானதே. அதை வைத்துத்தான் இரணைமடுக் குளத்து நீரைப் பங்கிடுவார்கள். தொகையில் இல்லாத வயலுக்கு நீர் போய்ச் சேராது.

அக்குடும்பங்களில் ஒரு அம்மா எழுந்தார். "எங்க பேரு இருக்கு. வயலத்தான் காணோங்க ஐயா."

"கொம்பியூட்டர் கூட்டினது அம்மா. அது பிழை விடாது," என்றார் கூட்டத்தை நடத்திய நீர்ப்பாசன உத்தியோகத்தர்.

யாரோ சூத்திரத்திலிருந்து உன் கோடுகளை அழித்துவிட்டு நிரை எண்களை எழுதியிருந்தார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. பொறியின் பின்னால் ஒளிந்துகொள்ளும் மனிதரிடம் உயர்த்தத் தக்க குரல் என்னிடம் இல்லை. எழுந்து சென்று, அந்த எண்களை நீக்கி, உன் சூத்திரத்தை மீண்டும் எழுதினேன். தொகை ஏறியது.

"இதை மேலிடத்திலதான் கேக்கவேணும்."

"கேளுங்கோ. ஆனா இண்டைய அறிக்கையில இந்தத் தொகையை எழுதிப்போட்டுக் கேளுங்கோ."

எழுதினார். எழுதி முடியும்வரை அந்த அம்மா உட்காரவில்லை. நானும்தான்.

கோப்பின் படியொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கீழ்க் கோட்டுக்கு மேலே ஒரு நிரையை வெறுமையாக விட்டிருக்கிறேன். இன்னும் வரவேண்டியவர்கள் இருக்கிறார்கள், மச்சான்.