எக்ஸ் ஸ்கொயருக்கு நீ வைத்த பேர்

என் செல்லத் தங்கச்சி கலாவுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. இந்தத் தடவையும் கணக்கில் போய்விட்டது. முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. எங்கே வந்து சொல்வேன்?

என் வீட்டுக்காரர் எங்களை உதறிவிட்டுப் போனதும், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூருக்கே திரும்பினேன். பள்ளியில் கணக்கில் கோட்டைவிட்ட பத்தாவதைப் பாஸ் பண்ணிவிட்டால் அங்கன்வாடி உதவியாளர் வேலைக்காவது எழுதிப் போடலாம் என்றார்கள். காலேஜில் கணக்குப் படித்துக்கொண்டிருந்த நீதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தாய். எக்ஸின் நாலாம் அடுக்கைப் பார்த்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"இன்னாத்துக்குக்கா பயந்துக்கினு கீற? எக்ஸ் ஸ்கொயருக்கு ஒய்னு பேர் வெச்சிடு. இப்போ பாரு, உனுக்குத் தெரிஞ்ச கணக்குதான்."

"ஒய் வந்துட்சி. முடிஞ்சிதாடி?"

"எங்க முடிஞ்சிது? கேட்டது எக்ஸு. அத்தக் கண்டுபுடிக்காம எய்ந்திரிக்காத."

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. காஞ்சிபுரம் போகும் வழியெல்லாம் உன் தலை என் மடியில்தான் கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே நினைவு தப்பிவிட்டது. இருபது வயதில் ஒரு காய்ச்சலுக்கா போவாய்?

பரீட்சை அன்று நான் படுக்கையை விட்டு எழவில்லை. அம்மாதான் எழுப்பினாள். "போய் எய்திட்டு வா. அவ எவ்ளோ ஆசப்பட்டா."

கேள்வித்தாளைத் திருப்பினேன். x⁴ − 13x² + 36 = 0. கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. துடைத்துக்கொண்டு x² = y என்று எழுதினேன். y² − 13y + 36 = 0. ஒய் நாலு, இல்லாவிட்டால் ஒன்பது. அங்கே நிற்கவில்லை கலா. எக்ஸ் பிளஸ் இரண்டு, மைனஸ் இரண்டு, பிளஸ் மூன்று, மைனஸ் மூன்று. நான்கையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் வந்தது.

அதற்கப்புறம் கை ஓடவில்லை. வடிவியலுக்கு நாம் வரவே இல்லையே. அந்தப் பக்கங்களை வெறுமையாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மா இப்போது யாரிடமும் பேசுவதில்லை. "சித்தி எப்பம்மா வரும்?" என்று பாப்பா கேட்கிறாள். என்ன சொல்லட்டும்? சில நாள் ஏரிக்கரைப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது, என் மனசை நானே நம்பாமல்.

ஆனாலும் துணைத் தேர்வுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். வடிவியலை யார் சொல்லித் தருவார்கள், தெரியவில்லை. வெட்கப்படாமல் யாரிடமாவது கேட்பேன். பாஸ் பண்ணும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். பாப்பாவை விட்டுவிட்டு நான் எங்கேயும் போய்விட மாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
அமுதா அக்கா