தட்டில் ஒருபக்கம் நிற்கும் தண்ணீர்

என் செல்ல மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் அந்தப் போக்கிரியும் சுகம் என்பது உன் குரலிலேயே தெரிகிறது. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். மெசேஜ் அனுப்பலாம் என்றால் அதையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளே முதலில் படித்துவிடுவாள். இது அவளுக்குத் தெரியக்கூடாத சமாச்சாரம், அதனால்தான்.

அம்மா கற்றாழை விதை போட்ட கதை உனக்குத் தெரியும். குளிர்காலத்தில் மற்ற செடியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது சிவப்பாகப் பூக்குமே, அந்த ஜாதி. ஒரு செடியின் மகரந்தம் அதே செடிக்கு உதவாதாம், அதனால் தையல்காரம்மா வீட்டுச் செடியிலிருந்து பிரஷ்ஷில் எடுத்து வந்து நம் செடியில் தடவினாள். காய் வெடித்து விதை பறந்துவிடாமலிருக்க என் பழைய சாக்ஸை அதற்கு மாட்டிவிட்டாள். பொடிக்கல்லும் மணலும் நிரப்பிய சின்னத் தொட்டிகளில் விதையைத் தூவி, எல்லாவற்றையும் ஒரு நீளத் தட்டில் அடுக்கி, பின்னறை ஜன்னலடியில் சிமென்ட் திட்டின் மேல் வைத்தாள். தண்ணீரைத் தட்டில்தான் ஊற்ற வேண்டும், தொட்டி அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், தலையில் ஊற்றினால் நாற்று அழுகிவிடும் என்று எனக்குப் பாடம் வேறு. புல் மாதிரி முளைத்தன. பூக்க நாலைந்து வருஷமாகும், உன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது பார்க்கும் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறாள்.

அப்புறம் இடதுபக்க நாற்றுகள் அழுகின, வலதுபக்கத்தவை காய்ந்தன. பார்த்தால் தண்ணீரெல்லாம் இடதுபக்கமே போய் நிற்கிறது. திட்டுப் போட்ட கொத்தனாரை மனசார வைதுவிட்டு, ஒரு அட்டையை மடித்துத் தட்டுக்கு அடியில் கொடுத்தேன். அச்சகத்தில் எந்திரங்களை மட்டம் பார்த்து நிறுத்தியவன் நான், இதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கொஞ்ச நாளில் மறுபடி சாய்ந்தது. இன்னொரு அட்டை வைத்தேன், அதற்கப்புறம் ஒரு மரச்சில்லு. தட்டு நேராகிவிட்டது என்று நானும் அம்மாவும் நிம்மதியாகக் காப்பி குடித்தோம். சாய்வது தட்டு இல்லை, வீடு என்பது என் மரமண்டைக்கு ஏறவே இல்லை. சாத்திய பின்னறைக் கதவு தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. வீட்டுக்குப் பின்னால் பெரிய கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள் என்று சொன்னேனே, அதில் ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து ஓயாமல் இறைக்கிறார்கள். தண்ணீரோடு நம் வீட்டடி மண்ணும் போகிறது. அங்கே வேலை பார்க்கும் எஞ்சினியரைக் கூட்டி வந்து காட்டினேன். நல்ல பிள்ளை, பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பின்னறைச் சுவரில் ஓடியிருந்த விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு, இது உடைஞ்சா விரிசல் பெருசாகுதுன்னு அர்த்தம், யோசிக்காதீங்க ஐயா, அன்னைக்கே கிளம்பிடுங்க என்றான். போன வாரம் உடைந்துவிட்டது. நான் எழுந்து வருவதற்குள் அம்மா பெருக்கி வாரிக் குப்பையில் போட்டுவிட்டு, பூனை தட்டிவிட்டுடுச்சுங்க என்றாள். நம் வீட்டில் ஏதம்மா பூனை? இந்தத் தெருவிலேயே கிடையாது. அவளுக்கும் எல்லாம் தெரியும் சின்னக்குட்டி. கிளம்பலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், பொண்ணு வர்ற நேரத்துல யாராவது வீட்ட விட்டுப் போவாங்களா, நாத்த இப்ப அசைச்சா ஒண்ணுகூட மிஞ்சாது என்று சொல்லிவிட்டாள். பின்னறைக்கு உனக்காக வெள்ளை அடித்தாயிற்று. விரிசலை மறைக்கப் பூப்போட்ட திரை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே தொட்டிலைப் போட்டிருக்கிறாள்.

அதனால் நீ பிரசவத்துக்கு இங்கே வராதே. டாக்டர் பயணம் கூடாது என்கிறார், நீ இங்கே வா அம்மா என்று போனில் அழு. அழுகை வராவிட்டாலும் அழு. வீடே இடிந்தாலும் அசையாதவள், நீ ஒரு குரல் கொடுத்தால் செருப்புக்கூட மாட்டாமல் ஓடிவருவாள். மகளிடம் போய் இருந்துவிட்டு வாயேன் என்று நேற்று பேச்சுவாக்கில் ஆழம் பார்த்தேன், நான் போயிட்டா நாத்த யாரு பாக்குறது என்றாள். நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் கிளம்ப மாட்டாள். தினமும் வீடியோவில் நாற்றைக் காட்டு என்பாள், பின்னால் அந்த ஜன்னலும் தெரிய வேண்டும், அவளை ஏமாற்ற முடியாது. குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகு நீயே பக்குவமாக அவளிடம் சொல். அதுவரை சமாளித்துக்கொள்வேன். கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுவிட்டேன், அங்கே தரை நேற்றுவரை மட்டமாகத்தான் இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, மாத்திரையை விடாதே, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் குரலை மட்டும் உயர்த்தாதே, மூச்சு வாங்கும். தாயும் பிள்ளையுமாக நீங்கள் குறையில்லாமல் வாழ வேண்டும். கடிதத்தின் பின்பக்கம் அந்த எஞ்சினியரின் நம்பரை எழுதியிருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். அம்மா அங்கே வந்த பிறகு ஒருநாள் நான் போனை எடுக்கவில்லை என்றால், அப்பா தூங்கியிருப்பார் என்று அவளிடம் சொல்லிவிட்டு, வெளியே போய் முதலில் அவனைக் கூப்பிடு.

ஆசியும் முத்தமுமாக,
உன் அப்பா