எண்பத்தொன்று

திங்கட்கிழமை, செப்டம்பர் கடைசி

குகனின் மேலுதட்டைக் கிழித்துவிட்டேன். அவன் என் மனைவி வாணியின் தம்பி.

அமெரிக்க பேஸ்போல் சீசன் தொடங்கியபோது விளையாட்டாகக் கட்டிய பந்தயம். ஓர் அணி எண்பத்தொன்றரை ஆட்டங்களுக்கு மேல் வெல்லும் என்றேன் நான். கீழே என்றான் அவன். தோற்றவன் மீசையை மழிக்க வேண்டும். "அரை வெற்றி எங்கயப்பா இருக்கு? அந்த அரையை எடுங்கோ," என்று குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த வாணி சிரித்தாள். எடுத்துவிட்டோம்; பந்தயம் வெறும் எண்பத்தொன்றானது.

இன்று காலை கடைசி ஆட்டம். வென்றார்கள். மொத்தம் சரியாக எண்பத்தொன்று.

"எட்டிட்டுது. ரேசரைக் கொண்டா," என்றேன்.

"மேல எண்டால் மேல, அத்தான். இது மேலயுமில்லை, கீழயுமில்லை."

சிரித்துக்கொண்டு சொன்னான். கழுத்தைப் பிடித்து, அவன் உட்கார்ந்திருந்த கதிரையோடு தரையில் சரித்தேன். நெஞ்சில் முழங்காலை ஊன்றி மூக்கடியில் ரேசரை வைத்தேன். அவன் திமிறினான். நான் கையை எடுக்கவில்லை, பக்கவாட்டில் இழுத்தேன். வாணி கிரிக்கெட் மட்டையால் என் தோளில் அடித்த பிறகுதான் விட்டேன்.

தையல் போட்ட நர்ஸிடம், "ஷேவ் எடுக்கேக்க கை தவறிட்டுது," என்றானாம். வாணி ஃபோனில் இதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவனுடைய வீட்டில்தான் இருக்கிறாள்.

கார்ப்பெட்டில் ரத்தத்தைத் தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அரையை எடுக்காமல் விட்டிருந்தால் எண்பத்தொன்று கீழேதான், தோற்றவன் நான். அது குகனுக்குக் காலையிலேயே தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

சற்று முன் ரேசரைக் கழுவி எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். மீசையில் வைக்க முடியவில்லை, கை நடுங்குகிறது. அவன் முகத்தில் வைத்தபோது நடுங்கவேயில்லை.