தணிக்கை: ஓர் எடுத்துக்காட்டு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

அகராதி அலுவலகத்தில் இப்போது தகர வரிசை நடக்கிறது. 'தணிக்கை' என் தலையில் விழுந்தது. கணக்கைச் சரிபார்ப்பது என்ற பொருளை முன்பே ஒருவர் எழுதிவிட்டார். மற்றதுதான் என் பாடு. "பிறர் அறியக் கூடாது என்று கருதும் பகுதியை அதிகாரம் உள்ளவர் நீக்குதல்" என்று எழுதிக்கொடுத்தேன். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பொருள் சரிம்மா. ஜனங்க எப்படிச் சொல்றாங்க? உயிருள்ள வாக்கியமா ஒண்ணு கொண்டு வா" என்றார். என்னிடம் இருப்பதெல்லாம் சினிமாவும் செய்தித்தாளும்தான். என் பழைய அறையில் உன் தையல் மெஷினைச் சுற்றி நாள் முழுக்கப் பேச்சு ஓடுமே, கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டு எழுது.

இன்னொன்று. நானும் என் கணவரும் பிரிந்துவிட்டதை ஏற்கெனவே இரண்டு கடிதங்களில் எழுதிவிட்டேன். அங்கேயே வந்துவிடட்டுமா என்று அப்பாவைக் கேட்டிருந்தேன். போனில் இதைப் பேச எனக்கு வாய் வராது. கண் போன பிறகு என் கடிதங்களை நீதான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாய். கேட்டுவிட்டு அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. கோபமா, அக்கா? கோபம் என்றாலும் அதைச் சொல்லச் சொல்.

உன்
வாயாடி


மார்ச் 15

வாயாடிக்கு அக்கா எழுதுவது.

உன் வேலைக்குச் சம்பளம் வேறு தருகிறார்களா? இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன். சட்டை தைக்கக் கொடுக்க வந்த டீச்சர், "தணிக்கைன்னு யாரு சொல்றா? அமுக்கிட்டாங்கன்னுதான் சொல்வோம்" என்றார். பக்கத்து வீட்டு மருமகள் மட்டும், "எங்க மாமியார் முன்னாடி நான் பேசறதெல்லாம் தணிக்கை ஆகித்தான் வெளிய வரும்" என்றாள். அதை எடுத்துக்கொள். அவள் பெயரைப் போட்டுவிடாதே, குடி கெட்டுப் போகும்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. நீ கேட்ட விஷயத்தைக் கொஞ்சம் ஆறப் போடுவோம். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 23

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று உன் அகராதி வேலையைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். நீ எழுதிய பொருளை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "அதிகாரம் உள்ளவங்க மட்டுமா? பாசம் உள்ளவங்க பண்ண மாட்டாங்களா?" என்றார். பிறகு, "நான் ஒரு வாக்கியம் தரேன். சொன்னது சொன்னபடி எழுது" என்றார். எழுதினேன்.

"சின்னவள் போடும் கடிதங்களைப் பெரியவள் தணிக்கை செய்துதான் எனக்கு வாசிக்கிறாள்."

பேனாவைக் கீழே வைத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"காலமெல்லாம் பஸ் ஓட்டினவன்மா நான். கியர் சரியா விழலைன்னா காது சொல்லிடும். நீ ஒரு இடத்துல எச்சில் முழுங்கற. காகிதம் புரளுது. அப்புறம் அவ திடீர்னு மழையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடறா."

இந்த வாக்கியத்தை உனக்கு அனுப்பாமல் விட்டிருக்கலாம். அவர் பார்க்கவா போகிறார்? மனசு வரவில்லை. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வந்து, ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன். உங்கள் உடம்புக்குப் பயந்துதான் விட்டேன் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அப்பா முழங்காலைத் தடவியபடியே, "அவ ரூம்ல இருக்கிற உன் தையல் மெஷினை எப்பம்மா நகர்த்தப் போற?" என்று கேட்டார்.

இதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. புறப்பட்டு வா.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

அக்கா, இதை உரக்க வாசி. ஓர் இடத்தையும் விடாதே.

அப்பா, உங்கள் வாக்கியத்தை ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். பொருளில் இருந்த 'அதிகாரம் உள்ளவர்' என்பதை அடித்துவிட்டு 'ஒருவர்' என்று போட்டார். இந்த வார்த்தைக்கு நான் பட்ட பாட்டில் உருப்படியாக நடந்தது அதுதான். மாதக் கடைசியில் வருகிறேன்.

அக்கா, உன்மேல் எனக்குக் கோபம். அப்பாவுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று நினைத்தே இத்தனை நாளும் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் முகம் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறேன். அப்பாவின் உடம்புக்காக என்று எழுதினாய். நம்புகிறேன். அந்த அறைக்காகவும்தானே? அந்த மெஷின்தான் வீட்டுக்குச் சோறு போடுகிறது என்று எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. உனக்குக் கேட்க வாயில்லை என்பதற்காக என் வாயை அடைத்துவிட்டாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. வந்த பிறகும் சில நாள் உனக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டேன். பொறுத்துக்கொள்.

அப்பா, அக்கா இந்த இடத்தில் நிறுத்தியிருப்பாள். உங்கள் கைக்கு எட்டும் இடத்தில்தான் தண்ணீர்ச் செம்பு இருக்கும். அதை அவளிடம் கொடுங்கள். குடித்து முடித்ததும் மிச்சத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

மிச்சம் இவ்வளவுதான். மெஷினை நகர்த்த வேண்டாம். என் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டால் போதும். அந்தச் சத்தத்திலேயே தூங்கிக்கொள்வேன்.

சின்னவள்