நரிவெங்காயம் பூத்த மேடு

மரக்காணம்
2.4.2006

அன்பு மகள் சந்தியாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, முழுக்க அழுகைதான், அதனால் நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்து திண்டிவனத்தில் டீச்சர் வேலை பார்க்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வருஷம் முன்னால் லீவில் வந்தபோது உப்பளத்து மணல் மேட்டில் நரிவெங்காய மொட்டைப் பறித்துப் போய், ஷில்லாங்கில் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் போன் போட்டுக் கத்தினாயே, அது நீதானே? நானும் எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஒன்றும் புரியாமலே சிரித்தேன். அப்புறம் விளக்கமாக எழுதினாய். குரோமோசோம் என்பது செடிக்குள் இருக்கும் நூல் மாதிரி, ஜோடி ஜோடியாகச் சேரும், இந்த மேட்டுச் செடியில் மட்டும் எப்போதோ நூல் உடைந்து துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் மொட்டுக்குள் ஜோடி சேரும்போது நாலு நூலும் கைகோத்து வளையமாக நிற்கிறது என்று. பாதி விதை பதராகப் போகும், ஆனாலும் கிழங்கு விட்டுப் பிழைத்துக்கொள்ளும் என்றும் எழுதினாய். அந்தக் கடிதத்தை என்னோடு உப்பு வாரும் சின்னப்பாப்பாவுக்குக்கூடப் படித்துக் காட்டினேன், அவ்வளவு பெருமை எனக்கு.

இன்னொரு தடவை அந்த வளையத்தைக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வேன் என்று உன் புரொபசர் சொன்னார், சரி. போன வருஷம் மொட்டைப் போட்டு வைக்க நீ அனுப்பிய மருந்துத் தண்ணி பாட்டில் உடைந்துபோய், உன் அப்பா மொட்டுகளை உப்பில் புதைத்து அனுப்பிவிட்டார், அதுவும் உண்மைதான். மீனோ மாங்காயோ, எது கெடாமல் இருக்கணும் என்றாலும் உப்பில் போட்டே பழகிய கை, மொட்டுக்குள் எல்லாம் சுருங்கிப்போகும் என்று அவருக்கு என்ன தெரியும்? கருவாடு அனுப்பியிருக்காங்க என்று புரொபசர் சிரித்தாராம். சிரிக்கட்டும். அதைக் கேட்டதிலிருந்து உன் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அந்தச் செடியை விடு, வேறு செடி எடு என்று புரொபசர் சொன்னதும் நீயும் தலையாட்டிவிட்டு மூட்டை கட்டுவதா?

இங்கே நடந்ததைக் கேள். மழையில் உடைந்த பாத்திக் கரையைக் கட்ட மணல் வேண்டும் என்று உப்பள மேஸ்திரி சேட்டு நம் மேட்டை வெட்ட ஆள் விட்டுவிட்டான். நான் அந்தப் பக்கம் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன், ஓடி வருவதற்குள் பாதி மேடு போய்விட்டது, உன்னிடம் மறைக்கவில்லை. கிழங்கெல்லாம் சிதறிக் கிடந்தது. மிச்ச மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பூ வர்ற வரைக்கும் ஒரு கூடை மண்ணு எடுக்க விடமாட்டேன்னு சொன்னேன். ஏம்மா, ஒரு களைக்காகவா வேலைய விடப்போற என்று கேட்டான். ஆமா, என் பொண்ணு படிக்கிற களை, சுனாமி அலைக்கே போகாத செடிய நீ அள்ளிட்டுப் போவியான்னு கேட்டேன். சின்னப்பாப்பா முதலில் சிரித்தாள், அப்புறம் கூடையைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்துவிட்டார்கள். உப்பு வாருகிற சீசனில் ஆள் இல்லாமல் என்ன செய்வான், ஓடைப் பக்கம் மணல் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு மட்டும் இனி வேலை கிடையாதாம். இல்லாவிட்டால் போகட்டும், கீழ்புத்துப்பட்டு சவுக்குத் தோப்பு வேலைக்குப் போகிறேன்.

மேட்டில் இப்போது பூத்திருக்கிறது. இலையே இல்லை, வெறும் தண்டு, நுனியில் மொட்டு. நீ சொன்ன நேரத்தில் பறித்து, நீ அனுப்பிய பிளாஸ்டிக் பாட்டில் மருந்தில் அப்பாவே போட்டார். உப்புப் பாத்தியிலிருந்து வந்த கை என்று அதற்கு முன்னால் சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மூடிக்கு மெழுகு ஊற்றியிருக்கிறோம். மிலிட்டரியில் இருக்கும் அசோகன் லீவு முடிந்து இன்னும் இரண்டு வாரத்தில் உங்கள் பக்கம்தான் போகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். வளையம் தெரிந்தால் தெரிந்தது என்று எழுது, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுது. பார்க்காமலே விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதே. மற்ற அம்மாக்கள் எப்போது வருகிறாய் என்று கேட்டு எழுதுவார்கள். உன்னைப் பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனாலும் சொல்கிறேன், இப்போது வராதே. முடித்துவிட்டு வா.

ஸ்வெட்டர் போடாமல் திரியாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாதா உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். பாட்டிலைக் கவிழ்த்து வைக்க வேண்டாம் என்று அசோகனுக்கு நீயும் போன் போட்டுச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. லூர்துமேரி

பி.கு. அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். இந்த தடவை உப்பு போடலன்னு புரொபசர்கிட்ட மறக்காம சொல்லச் சொல்லு என்கிறார்.