தனியறையில் உண்ணும் பிள்ளையை வரிசையில் இருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
திருமதி பிரியந்தினி கிருபன்,
நான்காம் வாய்க்கால் வீதி,
விசுவமடு.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்.

விடயம்: தரம் மூன்று மாணவி கி. யதுர்ஷிகாவின் பாடசாலை உணவு

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் யதுர்ஷிகாவுக்கு எட்டு வயது. சென்ற வருடம் அவளுக்குச் சீலியாக் நோய் என்று வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். கோதுமை சிறிதளவு உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். இதற்கு மருந்து கிடையாது. பாண், பணிஸ், பிஸ்கட், ரொட்டி ஆயுளுக்கும் ஆகாது. இதே நோயுள்ள வேறு பிள்ளை எங்கள் பக்கத்தில் உண்டா என்று கிளினிக்கில் விசாரித்தேன். தங்களுக்குத் தெரிந்து இல்லை என்றார்கள். ஆகவே யோசனை கேட்கவும் எனக்கு ஆளில்லை.

2. கடந்த மாசி மாதம் பாடசாலையில் புட்டு கொடுத்தார்கள். சமைக்கும் தாய்மாரிடம் முதலே கேட்டேன். "அரிசி மாப் புட்டுத்தான், பயப்பிடாதேங்கோ" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. புட்டு மெத்தென்று வருவதற்கு அவித்த கோதுமை மாவைப் பாதிக்குப் பாதி கலப்பது இங்கு எல்லா வீட்டிலும் வழக்கம். அதை யாரும் தனியாகச் சொல்வதில்லை. நானும் அப்படியே அவித்து வந்தவள். எனக்கே அன்று அது நினைவுக்கு வரவில்லை. மகள் ஆறு நாள் வைத்தியசாலையில் இருந்தாள்.

3. அதன்பின் அதிபர் ஓர் ஏற்பாடு செய்தார். நான் கட்டிக் கொடுக்கும் சோற்றை மகள் விளையாட்டுச் சாமான் அறையில் தனியே இருந்து உண்ண வேண்டும். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் இது தொற்று நோய் என்று பிள்ளைகள் எண்ணிவிட்டார்கள். இப்போது வகுப்பிலும் அவளுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது.

4. சென்ற கிழமை மகள் ஒரு சக மாணவியிடம் பாதிப் பணிஸ் வாங்கிச் சாப்பிட்டு மறுபடி வைத்தியசாலைக்குப் போனாள். தெரியாமல் சாப்பிட்டிருப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். தெரிந்தே சாப்பிட்டதாக அவள் என்னிடம் ஒப்புக்கொண்டாள். வயிறு நோகும் என்பதும் தெரியுமாம். சாப்பிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று நினைத்தாளாம். ஐயா, இதைக் கேட்ட பிறகு நான் அவளை ஏசவில்லை.

5. நான் தனிச் சமையல் கேட்கவில்லை. அவளுடைய சோற்றை என்றும் நானே கட்டிக் கொடுப்பேன். அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு மற்றப் பிள்ளைகளுடன் வரிசையில் இருக்க அனுமதி தாருங்கள். இது தொற்றாது என்று ஆசிரியர் ஒருவர் வகுப்பில் எடுத்துச் சொல்லவும் ஆவன செய்யுங்கள். வைத்தியரின் கடிதத்தை இணைத்துள்ளேன்.

வரும் திங்கட்கிழமை மகள் பாடசாலைக்குத் திரும்புகிறாள். அன்று இடைவேளைக்குத் தான் எங்கே இருப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன் தங்கள் பதில் கிடைத்தால் அதையே அவளுக்குச் சொல்வேன்.

இடம்: விசுவமடு
திகதி: 20.06.2024

இப்படிக்கு,
கி. பிரியந்தினி
(மாணவியின் தாய்)